இரண்டு கண்கள் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'பல்லாண்டு வாழ்க' ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காமல் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 1975-ல் வந்த படம், கே. சங்கர் இயக்கியது. எம்.ஜி.ஆர். ஜெயிலர். கொடுங்குற்றவாளிகள் ஆறு பேரைச் சிறையிலிருந்து வெளியே அழைத்துப் போய், கரட்டு நிலத்தைக் கொடுத்து, உழைக்க வைத்து மனிதர்களாக்குகிறார். அந்தக் கூட்டத்தில் நம்பியார், பி.எஸ். வீரப்பா, ஆர்.எஸ். மனோகர் எல்லாம் இருக்கிறார்கள். (இவர்கள் கெட்டவர்கள் என்று தனியாக ஒரு காட்சி வைத்துச் சொல்ல வேண்டிய அவசியமே அந்தக் காலத்து இயக்குநருக்கு இருந்திருக்காது. முகத்தைக் காட்டினாலே போதும்.)

படம் முடிந்ததும் அம்மா சொன்னார்: "இந்த மாதிரி ஒருத்தர் இருந்தா யார்தான் திருந்த மாட்டாங்க?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2011-ல் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷன் காலியாக இருந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, தன் தம்பிக்காகக் கேட்டு வந்தார். தம்பி எட்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். ஏதோ சண்டையில் கத்திக்குத்து. அக்கா எதையும் மறைக்கவில்லை. அட்வான்ஸ் பணத்தைக்கூட மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். அப்பா "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். நான் அதே ஹாலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அந்தப் போர்ஷன் ஒரு வங்கி ஊழியரின் குடும்பத்துக்குப் போனது. அக்கா அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் துணிகளை இன்றுவரை அவர்தான் தேய்த்துத் தருகிறார்.

அம்மா சொன்ன அந்த "ஒருத்தர்" என்ற சொல் அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. சிறையிலிருந்து வருபவர்களைப் பற்றி நாம் யோசிக்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஒருத்தர் தேவைப்படுகிறார். நல்ல ஜெயிலர், பெரிய மனசுள்ள முதலாளி, காத்திருக்கும் மனைவி, இப்படி யாராவது ஒருவர். படத்தை மறுபடி யோசித்துப் பார்த்தபோது அதன் பலமும் கோளாறும் இந்த ஒரே இடத்தில் இருப்பதாகத் தோன்றியது.

'பல்லாண்டு வாழ்க'வுக்கு மூலம் 1957-ல் வி. சாந்தாராம் எடுத்து நடித்த 'தோ ஆங்க்கே பாரஹ் ஹாத்' என்ற இந்திப் படம். இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள். பன்னிரண்டு கைகள் ஆறு கைதிகளுடையவை, இரண்டு கண்கள் ஜெயிலருடையவை. பெர்லின் விழாவரை போய்ப் பரிசு வாங்கிய படம். தலைப்பிலேயே அதன் தத்துவம் முழுக்க இருக்கிறது. வேலை செய்வது கைகள், காவல் காப்பது கண்கள். சங்கிலி இல்லை, துப்பாக்கி இல்லை. தப்பி ஓட நினைக்கிறவர்களை அந்தப் பார்வையின் நினைப்புதான் திருப்பி இழுத்து வருகிறது. சினிமாவாக அது அபாரமான கற்பனை. சிறையை இடித்துவிட்டு அதை மனிதர்களின் மனசுக்குள் கட்டுவது மாதிரி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தோட்டத்துக்கு வெளியே ஆறு பேரும் ஊரைச் சந்திக்கிற முக்கியமான இடம் சந்தை. விளைந்த காய்கறியை நியாயமான விலைக்கு விற்கப் போகிறார்கள். வியாபாரம் கெடுகிறதே என்று அங்கே இருக்கிற வியாபாரி ஆத்திரப்படுகிறான், சதி செய்கிறான், ஆள் வைத்து அடிக்கிறான். படத்துக்குள் ஊர் வருவது இந்த வடிவத்தில்தான். நல்லது எல்லாம் ஜெயிலர் பக்கம், கெட்டது எல்லாம் சந்தைப் பக்கம். மூன்றாவதாக ஒரு பக்கம் கிடையாது. காய் வாங்க வந்த பெண்கள் இருந்திருப்பார்களே, அவர்களில் யாராவது ஒருத்தி "எங்கப்பா இருக்கீங்க, தண்ணி வசதி எப்படி?" என்று கேட்டிருப்பாளே! அப்படிப்பட்ட சாதாரண மனிதர்களுக்குக் கதையில் வேலை இல்லை. அதனால் ஜெயிலருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாமே போச்சு என்ற பதைப்பு படம் நெடுக இருக்கிறது. கதைக்கு அந்தப் பதைப்பு நல்லது. வாழ்க்கையில் அப்படி ஓர் ஏற்பாட்டை நம்பி யாரையும் வெளியே அனுப்ப முடியாது.

இந்தக் கதை வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தில், 1939-ல், ஆட்பாடி அருகே சுதந்திரபுரம் என்ற திறந்தவெளிக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் மாரிஸ் ஃபிரைட்மேன். போலந்தில் பிறந்த இன்ஜினியர், காந்தியோடும் ரமண மகரிஷியோடும் தொடர்பு உள்ளவர். சமஸ்தானத்தின் கடுமையான குற்றவாளிகளைக் கொண்டுவந்து அங்கே விவசாயம் செய்ய வைத்தார்கள். சாந்தாராமின் படத்துக்கு அடிப்படை அதுதான். அந்தக் குடியிருப்பு பிற்காலத்திலும் தொடர்ந்தது, அங்கே கைதிகள் குடும்பத்தோடு வாழலாம். அசல் வளர்ந்த திசையும் சினிமா போன திசையும் வேறு வேறு. படத்தில் குடும்பம் வந்து போகிற ஒன்று. அசலில் அடுப்பு மூட்டிக் குடியிருக்கிற ஒன்று.

அந்த அசல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நான் அதிகம் படித்தது சாங்கானேரைப் பற்றி. ஜெய்ப்பூரை ஒட்டிய ஊர், அச்சுத் துணிக்குப் பேர் போனது. 1963-லிருந்து அங்கே ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. பெயர் சம்பூர்ணானந்த் முகாம். உத்தரப் பிரதேச முதல்வராக இருந்து, பிறகு ராஜஸ்தான் ஆளுநராக வந்த சம்பூர்ணானந்தின் பெயர்தான். ஆயுள் தண்டனைக் கைதிகள் மனைவி, கணவன், பிள்ளைகளோடு தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். காலையில் ஆள் எண்ணிக்கை. அப்புறம் ஊருக்குள் வேலைக்குப் போகிறார்கள். தொழிற்சாலை, கூலி வேலை, சிலர் காவலாளி வேலை. ஆமாம், கொலைக் குற்றத்துக்கு உள்ளே போனவர் இன்னொருவர் கட்டடத்துக்கு வாட்ச்மேன். சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி எண்ணிக்கை. அரசு சாப்பாடு போடுவதில்லை. அவரவர் சம்பாதித்து அவரவர் அரிசி பருப்பு வாங்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். முகாமின் அன்றாட விவகாரங்களைப் பார்த்துக்கொள்வது கைதிகளே அமைத்துக்கொள்ளும் பஞ்சாயத்து.

இங்கே காவல் காப்பது யார்? ஒரு ஜெயிலரின் இரண்டு கண்கள் அல்ல. ராத்திரி லேட்டா வந்தால் மனைவி கேட்பாள். வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரி கேட்பார். பக்கத்து வீட்டுக் கைதிக்கு இன்னும் கூடுதல் அக்கறை, ஏனென்றால் ஒருவர் ஓடிப்போனால் எல்லோருடைய ஏற்பாட்டுக்கும் ஆபத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளை "அப்பா, நாளைக்குக் கையெழுத்து வேணும்" என்று நோட்டை நீட்டும். இதில் எந்தக் கண்ணும் தெய்வீகமானது இல்லை. எல்லாம் சாதாரணக் கண்கள்தான், ஆனால் நிறைய. ஒன்று அசந்தாலும் இன்னொன்று விழித்திருக்கும்.

இதைக் குற்றவியல் ஆய்வாளர்கள் வேறொரு வழியாக வந்து கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்ற தம்பதி பாஸ்டனைச் சுற்றிய சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களைப் பற்றி 1940-களில் தகவல் சேகரித்தார்கள். அந்தக் காகிதங்கள் பல பத்தாண்டுகள் ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகத்தின் நிலவறையில் பெட்டிபெட்டியாகக் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, அந்தச் சிறுவர்களில் பலரை எழுபது வயதுவரை தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். குற்றத்தை விட்டவர்கள் எப்படி விட்டார்கள்? திடீர் ஞானோதயத்தைவிட அதிகமாகத் தென்பட்டவை நிலையான வேலையும் ஒட்டுதலான கல்யாண வாழ்க்கையும். பழைய கூட்டாளிகளோடு கழிந்த சாயங்காலங்களை மனைவியும் குழந்தையும் பிடித்துக்கொண்டார்கள். பல பேர் "இனி திருந்துவேன்" என்று சபதம் எடுத்து விடவில்லை. வேறு வேலைகள் வந்து குறுக்கே நின்றதால் விட்டுப் போனது. நம் ஊரில் "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பழமொழிக்குள் ஒரு பெண்ணின் தலையில் கட்டப்படும் சுமை இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சாங்கானேருக்கும் இது பொருந்தும். கணவன் சிறையில் குடும்பத்தோடு இருக்கிறான் என்றால், தண்டனை பெறாத மனைவியும் சிறை எல்லைக்குள் குடும்பம் நடத்துகிறாள். அவளை யாரும் எண்ணிக்கை எடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாங்கானேரைப் புகழ்கிறவர்கள் இன்னொன்றையும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். அங்கே போகிறவர்கள், தண்டனையின் கணிசமான பகுதியை மூடிய சிறையில் ஒழுங்காகக் கழித்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கோபக்காரர்களும் ஓடிப்போகக் கூடியவர்களும் முதலிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். அதனால் "திறந்து விட்டும் யாரும் ஓடவில்லை பார்" என்ற வாதம் பாதிதான் உண்மை. நம் மாநிலத்திலும் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, விவசாயம் நடக்கிறது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். புழலில் பெண் கைதிகளே வேலை செய்யும் பங்க் 2023-ல் திறக்கப்பட்டது. எல்லாம் நல்லவை, எல்லாவற்றிலும் வடிகட்டலும் உண்டு.

வடிகட்டியில் தங்காமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் தலை சுற்றும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல், 75.8%, விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். சினிமாவில் சிறையிலிருந்து வருகிறவன் எப்போதும் தண்டனையை முடித்தவன். நிஜத்தில் வாசலைத் தாண்டி வருபவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதமோ இரண்டு வருஷமோ இருந்துவிட்டு ஜாமீனில் வருபவர்கள். உள்ளே நன்னடத்தை காட்டி எதற்கும் தேர்வாக அவர்களுக்கு நேரமும் இல்லை, திட்டமும் இல்லை. வேலை மட்டும் போயிருக்கும்.

சரி, வடிகட்டாமல், யாரும் தொட விரும்பாத ஒருவரை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கு விடை கனடாவில் கிடைக்கிறது. 1994, ஒன்டாரியோ மாநிலம், ஹாமில்டன் நகரம். குழந்தைகளிடம் பலமுறை பாலியல் குற்றம் செய்த ஒருவர், முழுத் தண்டனையையும் அனுபவித்து வெளியே வருகிறார். இடையிலேயே பரோலில் விட்டிருந்தால் ஓர் அதிகாரியின் கண்காணிப்பு இருந்திருக்கும். முழுக்காலமும் உள்ளேயே இருந்தவருக்கு வெளியே எந்தக் கண்காணிப்பும் கிடையாது. மிக அபாயமானவர் என்று கருதியதால் உள்ளேயே வைத்திருந்தார்கள். அதனாலேயே அவர் எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் வெளியே வந்தார். சட்டத்தின் கோணலான தர்க்கம் இது. ஊர் கொதித்தது. போலீஸ் காவல், பத்திரிகைக்காரர்கள், அக்கம்பக்கத்தில் போராட்டம்.

ஹாரி நை என்ற மென்னோனைட் சபைப் போதகருக்கு அந்த மனிதரை முன்பே தெரியும். அவர் தன் சிறிய சபையிலிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டார். ஒரே ஆள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். சில பேர் சேர்ந்து ஒரு வட்டம் ஆனார்கள். யாராவது ஒருவர் தினமும் அவரோடு பேசுவார். எல்லோரும் அடிக்கடி சேர்ந்து உட்காருவார்கள். வீடு தேடுவது, டாக்டரிடம் போவது, கடைக்குப் போவது, பிறந்தநாள். அந்த மனிதர் இறக்கும்வரை, பத்து வருஷத்துக்கு மேல், மறுபடி அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. இதிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆதரவும் பொறுப்புக்கூறலும் கொண்ட வட்டங்கள்' என்று வரும். கனடாவில் பல ஊர்கள், 2002 வாக்கில் பிரிட்டனில் குவேக்கர்களின் முயற்சியால், பிறகு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் என்று பரவியது.

அந்தப் பெயரில் இரண்டாவது பாதியைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறோம். வட்டத்தில் நான்கிலிருந்து ஏழு தன்னார்வலர்கள். வெளிவட்டத்தில் உளவியலாளர், காவல்துறை, நன்னடத்தை அதிகாரி. வட்டத்தில் சேரும்போது எழுத்தில் ஓர் ஒப்பந்தம் உண்டு. தான் என்ன செய்தார் என்பது வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நேத்து ஏன் போனை எடுக்கல? அந்தப் பூங்கா பக்கம் ஏன் போனீங்க?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிற அதே ஆள்தான் இதையும் கேட்கிறார். வட்டங்கள் முன்வைக்கும் கொள்கையும் இரண்டு கால் கொண்டதுதான். இனி இன்னொருவர் பாதிக்கப்படக் கூடாது என்பது ஒன்று, தூக்கி எறிய வேண்டியவர் என்று யாருமில்லை என்பது மற்றொன்று.

புள்ளிவிவரம் கேட்பீர்கள். கனடாவில் வட்டம் அமைந்த 44 பேரை, வட்டம் அமையாத, ஏறக்குறைய அதே பின்னணியுள்ள 44 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வந்தது. வட்டத்தில் இருந்தவர்கள் மீண்டும் பாலியல் குற்றம் செய்தது 83% குறைவு. இந்த எண் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். 44 பேரில் மீண்டும் குற்றம் செய்தவர்கள் இரண்டு பக்கமும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. கைவிரல் கணக்கைச் சதவீதமாக்கினால் அது யானை மாதிரி தெரியும். வட்டத்தில் சேர ஒப்புக்கொண்டவர்களே கொஞ்சம் மாற விரும்பியவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. இதற்காகவே மினசோட்டாவில் குலுக்கல் முறையில் பிரித்து, 50 பேருக்கு வட்டம், 50 பேருக்கு வழக்கமான கண்காணிப்பு என்று செய்து பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவும் அதே திசையில்தான் இருந்தது. பாலியல் குற்றத்துக்கான மறுகைது 88% குறைவு. அங்கேயும் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இந்த முறை ஆளைத் தேர்ந்தெடுத்தது குலுக்கல். எனக்கு இது போதுமான அளவு நம்பிக்கை தருகிறது, மந்திரம் என்று நம்பும் அளவுக்கு அல்ல. கனடா அரசே 2014-ல் இதற்கான நிதியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2017-ல் மறுபடி கொடுத்தது. தன்னார்வலர்கள் சும்மா வேலை செய்தாலும், அவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். அந்தச் சம்பளம்தான் எப்போதும் முதலில் வெட்டப்படுகிறது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். "சமூகத்தின் ஆதரவு" என்பது அப்படியே நல்லதா? 2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ரா சிறையிலிருந்து, பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பதினொரு பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். வாசலில் இனிப்பு கொடுத்தார்கள், பிறகு மாலையும் போட்டார்கள். அதுவும் ஒரு சமூகம்தான், அதுவும் வரவேற்புதான். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் ஊரில் ஆதரவுக்குக் குறைவே இல்லை. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, அவர்களைத் திரும்பச் சிறைக்குப் போகச் சொன்னது. நம் ஊர்களில் சாதிக்காகக் கொலை செய்துவிட்டு வருபவனுக்கு அவன் தெருவில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக, திரும்பி வருபவனைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தில் இரண்டு வகை. ஒன்று, "நீ செய்ததில் தப்பே இல்லை" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வது. இன்னொன்று, "நீ செய்தது தப்பு, எங்களுக்குத் தெரியும், ஆனாலும் வா, உட்கார்" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வது. முதலாவதில் பாதிக்கப்பட்டவர் காணாமலே போய்விடுகிறார். ஹாமில்டனில் அந்த வட்டத்தின் ஒவ்வொரு கேள்வியிலும் எங்கோ இருக்கிற ஒரு குழந்தை இருந்தது.

தமிழ் சினிமாவில் இந்த இரண்டாவது வகைக்குக் கொஞ்சமாவது அருகில் வந்தது 'மகாநதி' (1994) என்று நினைக்கிறேன். சந்தான பாரதி இயக்கி, கமல்ஹாசன் நடித்தது. படத்தின் கொடூரங்கள்தான் எல்லோர் நினைவிலும் நிற்கின்றன. எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது கிருஷ்ணசாமி யார் யாரைப் பிடித்துக்கொண்டு எழுகிறான் என்பது. உடன் கைதியாக இருந்த பெரியவர் பஞ்சாபகேசன், வெளியே அவருடைய மகள் யமுனா, சிறையில் வார்டர் முத்துசாமி. ஒவ்வொருவரும் ஒரு சிறிய அளவுக்கு உதவுகிறார்கள், யாரும் கடவுள் இல்லை. கடைசியில் அவன் மறுபடி பல வருஷம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, அந்த வார்டரின் குடும்பம் சம்பந்தி ஆகியிருக்கிறது. சிறைக்காரரும் கைதியும் சம்பந்தி! எம்.ஜி.ஆர். படத்தின் ஜெயிலர் மேலே நின்று பார்க்கிறார். இந்த வார்டர் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்கிறார். என் குறை என்னவென்றால், கிருஷ்ணசாமி தொடக்கத்திலிருந்தே ஏமாற்றப்பட்ட நல்லவன். நிரபராதியைச் சேர்த்துக்கொள்வது நமக்குச் சுலபம். நிஜமாகவே கத்தியை எடுத்தவனைச் சேர்த்துக்கொள்ள 'மகாநதி'யும் நம்மைக் கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த ஒரு ராத்திரி அப்பாவிடம் நேரடியாகவே கேட்டேன். அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை, பயமா என்று.

"எனக்கு அவன்மேல பயம் இல்லடா" என்றார். "நாளைக்கு இந்தத் தெருவுல ஒரு சைக்கிள் காணாமப் போனாலும் எல்லாரும் யார் வாசல்ல வந்து நிப்பாங்க? என் வாசல்லதான. எதிர்வீட்டு சார், மாடி வீட்டு மாமா, யாராவது ரெண்டு பேர் 'குடுங்க, நாங்களும் பாத்துக்கறோம்'னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்."

"நீங்க அவங்கள்ல யாரையாவது கேட்டீங்களாப்பா?"

"கேக்கல."

நான் படித்த ஆய்வுகளில் இது இப்படி நேராகச் சொல்லப்பட்டு நான் பார்த்ததில்லை. வட்டம் என்பது சிறையிலிருந்து வந்தவருக்காக மட்டும் இல்லை, கதவைத் திறக்கிறவருக்காகவும்தான். தப்பு நடந்தால் வரும் பழியை ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. ஹாரி நை தன் வீட்டில் தனியாக அந்த மனிதரை வைத்திருந்தால், ஊர் அவரைக் கிழித்திருக்கும், அல்லது அவரே ஆறு மாதத்தில் களைத்துப் போயிருப்பார். சாங்கானேரில் இன்று ஒரு கைதிக்கு வேலை கொடுக்கும் முதலாளி தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரரும் கொடுத்திருக்கிறார், அவருடைய அப்பா காலத்திலும் கொடுத்திருக்கிறார்கள். அறுபது வருஷப் பழக்கம் அது. எங்கள் தெருவில் அப்பா முதல் ஆளாக இருக்க வேண்டியிருந்தது, ஒரே ஆளாகவும் இருக்க வேண்டியிருந்தது. அவரிடம் எம்.ஜி.ஆரை எதிர்பார்த்தோம், அவர் ஓய்வுபெற்ற கிளார்க். மாடி மாமாவிடம் ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்க என்னாலும் முடிந்திருக்கும். நான் புத்தகத்தை மூடக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை துணி வாங்கப் போனபோது அக்காவிடம் தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பதினாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன். அக்கா பெட்டியில் கரித்துண்டைப் போட்டு விசிறிக்கொண்டே சொன்னார்:

"நாமக்கல்ல லாரி பாடி கட்ற பட்டறைல இருக்கான் தம்பி. எங்க ஊர் டிரைவருங்க ரெண்டு மூணு பேர் சேந்து போய்ச் சொன்னாங்க, அதான் சேத்துக்கிட்டாங்க. வேலை நல்லாத்தான் பாக்கறானாம், ஓனரே சொன்னாரு. பட்டறைலயே படுத்துக்கறான். வீடுதான் இன்னும் அமையல."